பேடு வாங்கப் போய்ப் பத்தாயிரம் தண்டம் அழுத கதை

லேப்டாப்பில் மாட்டி விரலால் தட்டித் தாளம் வாசிக்கிற பேடு ஒன்று வாங்கினேன். ஏமாந்துவிட்டேன் என்பது பெட்டியைப் பிரித்த முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது. ஒரு தவில் சாம்பிளை (பதிவு செய்த தவில் ஒலியை) ஏற்றி, நடுவிரல் நுனியால் மெல்லத் தட்டினேன். 'தொம்' என்றது. இன்னும் மெல்ல, தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுகிற மாதிரி தட்டினேன். அதே 'தொம்'. கடுப்பில் முஷ்டியால் ஒரு குத்து விட்டேன். அப்போதும் அதே 'தொம்', இம்மி கூடவுமில்லை குறையவுமில்லை. எப்படி அமுக்கினாலும் ஒரே சத்தம் போடும் காலிங் பெல்லை, வண்ண வண்ண விளக்கோடு அறுபத்து நாலு எண்ணம், 9,600 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் பேடு தெரியாதவன் இல்லை. மதுரைப் பக்கத்து மெல்லிசைக் கச்சேரிகளில் பன்னிரண்டு வருஷமாக ரிதம் பேட் வாசிக்கிறேன். குச்சியால் அடிக்கிற எட்டுக் கட்டப் பெட்டி. ரோலண்ட் 1985-இல் ஆக்டபேட் என்று ஒன்றை விட்டது. அந்தப் பெயரே நம்ம ஊரில் எல்லா ரிதம் பேடுக்கும் ஒட்டிக்கொண்டது. தவில், பம்பை, உடுக்கை, தபலா, டோலக் எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான் மேடையேறும். 2020-இல் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரையில் கையில் இருந்த அத்தனை கச்சேரியும் போனது. பெட்டியைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, மச்சானின் பழைய லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளின் இலவசச் சோதனைப் பதிப்பை இறக்கினேன். (அதில் சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது என்பது மூன்று நாள் வேலை போன பிறகுதான் தெரிந்தது. அது தனிக் கதை.) மேடையில் நாலு விநாடியில் அடிக்கிற ஒரு தீர்மானத்தை (தாளத்தை முடித்துவைக்கும் அடுக்கடியை) மவுசால் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துப் போட முக்கால் மணி நேரம் ஆனது. முடித்தபோது பார்க்கக் கோலம் மாதிரி அழகாக இருந்தது. கேட்டால் உயிர் இல்லை. விரலால் வாசிக்க ஒரு பேடு கன்ட்ரோலர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவு சரிதான். தேடிய விதம்தான் தப்பு. ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்தேன். எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு கட்டம், தட்டத் தட்ட விளக்கு ஓடுகிறது, வாசிப்பவர் முகத்தில் ஒரு பரவசம். கட்டம் அதிகமென்றால் வசதி அதிகம் என்று நினைத்து ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். அந்த வகைக் கருவிகள் ஏபிள்டன் லைவ் மாதிரி மென்பொருளில், ஏற்கெனவே செய்துவைத்த இசைத் துண்டுகளைத் துவக்கவும் நிறுத்தவும் உருவானவை. ஒரு துண்டைத் துவக்க, மெல்லத் தொட்டாயா ஓங்கி அடித்தாயா என்ற கணக்கு எதற்கு? அதனால் அந்த வகையில் விலை குறைந்தவை பலவற்றில் அழுத்தத்தை உணரும் வசதியே இருக்காது. கருவியின் குற்றம் இல்லை. பூட்டுக்குச் சாவி வாங்காமல் சாவிக்கொத்து மாட்டும் ஆணியை வாங்கிவந்தது நான். பெட்டி மேலேயே எல்லா விவரமும் இருந்தது. 'வெலாசிட்டி' என்ற ஒரு சொல் மட்டும் அதில் இல்லை. இல்லாத சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழுதில்லாத பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று விற்றவர்கள் கைவிரித்தார்கள். நாலு மாதம் கழித்து 5,500-க்குத் தள்ளிவிட்டேன். 4,100 போச்சு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். பேடு கன்ட்ரோலருக்குள் சத்தம் கிடையாது. ஆக்டபேடுக்குள் தவிலும் தபலாவும் உட்கார்ந்திருக்கின்றன. கன்ட்ரோலர் வெறும் தபால்காரன். நீங்கள் தட்டியதும் அது லேப்டாப்புக்கு எண்களை அனுப்புகிறது: எந்த நோட்டு (சுரம்), எவ்வளவு வேகத்தில் அடி விழுந்தது, எந்தச் சேனல். 1983-இல் வந்த மிடி ஏற்பாடு இன்றைக்கும் இப்படித்தான் ஓடுகிறது. அடியின் வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் போகும். அதுதான் வெலாசிட்டி. அந்த எண்ணை வைத்துத்தான் மென்பொருள் சத்தத்தைக் கூட்டும் குறைக்கும். நல்ல சாம்பிள் தொகுப்பாக இருந்தால் மெல்லிய அடிக்கு ஒரு பதிவு, பலத்த அடிக்கு வேறு பதிவு என்று மாற்றியும் எடுக்கும். நான் வாங்கிய முதல் கருவி எல்லா அடிக்கும் ஒரே எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே தாளம் வாசிக்க வாங்குகிறவர்கள் கட்டம் எத்தனை, விளக்கு எத்தனை நிறம் என்பதையெல்லாம் அப்புறம் பாருங்கள். முதலில் விவரப் பட்டியலில் வெலாசிட்டி இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

அடுத்தது பதினாறு கட்டப் பெட்டி. நாலுக்கு நாலு. இந்த அமைப்பை ஊரெல்லாம் பழக்கியது 1988-இல் ரோஜர் லின் வடிவமைத்து அகாய் வெளியிட்ட எம்பிசி60 என்ற தாளக் கருவி. சதுரம் பெரிது, ரப்பர் தடிமன், இரண்டு கை விரலும் தாராளமாக இறங்கும். இந்தத் தடவை வெலாசிட்டி இருக்கிறதா என்று பத்துத் தரம் பார்த்துக்கொண்டேன். காசுதான் இல்லை; செகண்ட் ஹேண்டில் தேடினேன். ஒரு கல்லூரிப் பையன் விற்க வந்தான். டீக்கடை பெஞ்சில் அவன் லேப்டாப்பிலேயே போட்டுக் காட்டினான். "ரெண்டே தடவைதான்ணே யூஸ் பண்ணேன், பிரிச்ச மாதிரியே இருக்கு பாருங்க" என்றான். உண்மையிலேயே புதுசு மாதிரிதான் இருந்தது. நாலைந்து கட்டத்தைத் தட்டிக் காட்டினான். நானும் அதே நாலைந்தைத் தட்டிப் பார்த்துவிட்டு 6,000 அனுப்பினேன். அவன் தட்டாத கட்டங்களை நான் ஏன் தட்டவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறாவது கட்டம் ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் போடுகிறது. பதிமூன்றாவதுக்கு உலக்கை அடி கொடுத்தால்தான் காது கேட்கிறது. பத்தாவதைத் தட்டினால் பக்கத்துப் பதினொன்று தானாக முனகுகிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் பதிமூன்றாவது கட்டத்தோடு நான் மல்லுக்கட்ட, அம்மா எழுந்து வந்து "ஏன்டா, நடுச்சாமத்துல என்னத்தடா போட்டு இடிச்சுக்கிட்டுக் கெடக்க?" என்றார். (கருவிக்குக் கீழே துண்டை நாலாக மடித்துப் போட்டால் மேசை வழியாகப் போகும் இடி பாதி குறையும். விரலால் வாசிப்பது சத்தமில்லாத வேலை என்று நினைத்து மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் ஏமாற வேண்டாம்.) பிறகு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பருக்கு அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. அதில் தூசி சேர்ந்தாலோ, தேய்ந்தாலோ, ரப்பர் அதன்மேல் சரியாக உட்காராவிட்டாலோ இந்தக் கூத்தெல்லாம் நடக்கும். துடைத்துவிட்டு, வீடியோ பார்த்து, மந்தமான கட்டங்களின் ரப்பருக்கு அடியில் இன்சுலேஷன் டேப்பைச் சின்னச் சதுரமாக வெட்டி இரண்டு அடுக்கு ஒட்டினேன். பதிமூன்று உயிர் பெற்றது. ஆறு திருந்தவில்லை. சர்வீஸ் கடையில் 600 வாங்கிக்கொண்டு "தாள் மாத்தணும் சார், பார்ட்ஸ் கெடைக்காது" என்று திருப்பித் தந்தார்கள். கூடவே வந்திருக்க வேண்டிய இலவச மென்பொருளும் கிடைக்கவில்லை. அந்தக் கருவியின் வரிசை எண்ணை வைத்து முதல் ஆளே பதிவு செய்து எடுத்திருந்தான். பழசு வாங்கினால் பெட்டிதான் உங்களுக்கு, சீர்வரிசை இல்லை.

பழைய கருவி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து காதை நம்பாதீர்கள். உள்ளே வரும் மிடி எண்களை அப்படியே காட்டுகிற இலவச மிடி மானிட்டர் செயலிகள் இருக்கின்றன. ஒன்றை உங்கள் லேப்டாப்பில் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் இருபது தடவை தட்டுங்கள், முதலில் மெல்ல, அப்புறம் நடுத்தரமாக, கடைசியில் ஓங்கி. ஒரு தட்டுக்கு ஒரு வரிதான் வர வேண்டும் (விரலை எடுக்கும்போது வரும் 'நோட் ஆஃப்' வரி தனி). மெல்லத் தட்டும்போது பத்து இருபதில் எண் வர வேண்டும். ஓங்கினால் நூற்றுப் பத்தைத் தாண்ட வேண்டும். நடுவில் நாற்பதும் எழுபதும் கைக்கு அகப்பட வேண்டும். சில பேடுகளில் முப்பதுக்கு அடுத்து நேரே நூறுதான், நடுவே படிக்கட்டே இருக்காது. யுஎஸ்பி வயரைச் சொருகிய இடத்தில் லேசாக ஆட்டிப் பாருங்கள், தொடர்பு விட்டுவிட்டு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் ஆகாது. விற்பவர் சலித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

இந்த இரண்டாவது பெட்டியோடு இன்னொரு மர்மமும் சேர்ந்துகொண்டது. தட்டினால் சத்தம் தாமதமாக வந்தது. ஊர் எல்லையில் வேட்டுப் போட்டால் வெளிச்சம் முன்னால் வரும், சத்தம் பின்னால் வருமே, அந்த மாதிரி. அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தேன். பாவம், இந்த ஒன்றில் அவன் மேல் குற்றமே இல்லை. நான் காதில் மாட்டியிருந்தது புளூடூத். அதில் பாட்டுக் கேட்கலாம், தாளம் வாசிக்க முடியாது. வயர் ஹெட்போனுக்கு மாறியதும் பாதி சரியானது. மீதிப் பாதி லேப்டாப்பின் ஒலி அமைப்பில் இருந்தது. ஒலியை மென்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடும். அந்தச் சேமிப்புக்குப் பெயர் பஃபர். விநாடிக்கு 44,100 சாம்பிள் (இங்கே ஒலியின் அளவுப் புள்ளி) என்ற கணக்கில், பஃபர் 2,048 என்றால் கிட்டத்தட்ட 46 மில்லி விநாடித் தாமதம். 512 என்றால் சுமார் 12, 256 என்றால் 6-க்குக் கொஞ்சம் குறைவு. என்னுடையது 2,048-இல் கிடந்தது. விண்டோஸின் சாதாரண ஒலி டிரைவரை விட்டு எஃப்எல் ஸ்டுடியோவோடு வரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கவென்றே உள்ளது) தேர்ந்தெடுத்து 256-க்கு இறக்கினேன். கையும் சத்தமும் ஒட்டிக்கொண்டன. 128-க்கு இறக்கியபோது பழைய லேப்டாப் வறுத்த கடலை மாதிரி பொரிய ஆரம்பித்தது, மறுபடி 256-க்கே வந்துவிட்டேன். தாமதம் என்றால் உடனே பேடைச் சந்தேகிக்காதீர்கள் என்பதை, இரண்டு மாதம் சந்தேகித்தவன் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் இந்தக் கதையை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "புல்லாங்குழல் வாங்கப் போறவன் ஊதிப் பாக்காம வாங்குவானாடா? நீ மட்டும் ஏன்டா படத்தப் பாத்து வாங்குற?" என்றார். பன்னிரண்டு வருஷத் தாளக்காரனுக்கு அதற்கு மேல் என்ன அவமானம் வேண்டும். எந்தச் சாஃப்ட்வேரில் வேலை செய்கிறாய், அதற்குள் என்ன வாசிக்கப் போகிறாய், இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைக்குப் போ என்றார். நியாயம்தான். ஏபிள்டனே ஆள் என்றால் அதற்கென்றே செய்த புஷ் என்ற பேடு இருக்கிறது, விலை கண்ணைக் கட்டும். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மஷீன் தன் சொந்த மென்பொருளோடு கைகோத்துத்தான் முழுசாக வேலை செய்யும். எஃப்எல் ஸ்டுடியோவுக்கென்றே அகாய் 2018-இல் விட்ட ஃபயர் இருக்கிறது. அது கட்டங்களில் புள்ளி வைத்து அடுக்குகிறவர்களுக்கு அருமை, ஆனால் என் தடித்த விரலுக்கு அந்தக் குட்டிக் கட்டம் ஒத்துவராது. சின்னக் கீபோர்டோடு எட்டுப் பேடு ஒட்டிவரும் வகையும் உண்டு. மெட்டும் தாளமும் ஒரே பெட்டியில் வேண்டும், பையில் போட்டுப் போக வேண்டும் என்பவர்களுக்கு அது போதும்.

2022 தை மாதம் லேப்டாப்பையும் சொந்த ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். கடையில் "பேடு பாக்கணும்" என்றதும் ஆக்டபேடு பக்கம்தான் கூட்டிப் போனார்கள். நம்ம ஊரில் பேடு என்றால் அதுதானே. "கம்ப்யூட்டர்ல மாட்டுற பேடு" என்று விளக்க வேண்டியிருந்தது. மூன்று கருவிகளை இறக்கி வைத்தார்கள். மூன்றிலும் என் நோட்டில் எழுதிக்கொண்டு போன சோதனையைச் செய்தேன். ஒரே கட்டத்தில் இரண்டு விரலால் வேகமாக உருட்டினால் அடி ஏதாவது விழுங்கப்படுகிறதா, கட்டத்தின் நடுவில் தட்டுவதற்கும் ஓரத்தில் தட்டுவதற்கும் எண் எவ்வளவு மாறுகிறது, பத்து நிமிஷம் வாசித்த பிறகு விரல் கணு வலிக்கிறதா. ஒன்றில் ரப்பர் கல் மாதிரி இருந்தது. இன்னொன்றில் கட்டங்கள் இரண்டு வரிசையாக எட்டெட்டாக நீண்டன, என் கை பழகவில்லை. கடைசியில் எடுத்தது அகாய் எம்பிடி218, 11,200 ரூபாய். பதினாறு கட்டம், மூன்று பேங்கு (அதே கட்டங்களுக்கு மூன்று தொகுதி நோட்டு) மாற்றினால் நாற்பத்தெட்டு; திருகு ஆறு; மின்சாரம் யுஎஸ்பியிலேயே வரும். ஸ்லைடர் கிடையாது, பழைய வகை மிடி வயர் சொருகும் ஐந்து முள் துளையும் கிடையாது. எனக்கு அந்த இரண்டும் வேண்டியிருக்கவில்லை, அப்போதைக்கு.

வீட்டில் வந்து மாட்டினால், மறுபடியும் அதே 'தொம்'. மெல்லத் தட்டினாலும் 127, குத்தினாலும் 127. வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அன்றைக்கு அண்டா நிறையக் கரைத்தது. கடையில் ஒழுங்காக இருந்தது, பஸ்ஸில் உடைந்துவிட்டதா என்று அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஓரத்தில் 'ஃபுல் லெவல்' என்ற பட்டன் எரிந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. எல்லா அடியையும் உச்ச அளவில் அனுப்பு என்று சொல்லும் பட்டன் அது. தூசி துடைக்கும்போது நானே அமுக்கியிருக்கிறேன். இன்னொரு குழப்பம் நோட்டின் பெயரில். ஒரு வீடியோவில் கிக் டிரம்மை சி1-இல் வை என்றார்கள். வைத்தேன், தட்டினால் மௌனம். மிடியில் 36 என்ற அதே நோட்டை ஏபிள்டன் சி1 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ சி3 என்கிறது. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பொதுவான டிரம் வரிசையில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹேட் 42. பிறகு எஃப்எல்லின் எஃப்பிசி என்ற பதினாறு கட்டத் தட்டை எடுத்து ஒவ்வொன்றிலும் என் சாம்பிள்களைப் பொருத்தினேன். மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் வேறு வேறு தவில் ஒலி வைத்த அன்றைக்குத்தான் அது வாத்தியமாகத் தோன்றியது.

ஒரு விஷயம், நம்ம ஊர்த் தாளம் போடுகிறவர்களுக்கு மட்டும். மென்பொருள் திரையில் முதலில் தருகிற புள்ளிக் கட்டம் ஒரு சுற்றுக்குப் பதினாறு. கும்மி, டப்பாங்குத்து மாதிரி மூன்று மூன்றாகக் குதிக்கும் நடையை அதில் வாசித்துவிட்டு, தானாகக் கட்டத்துக்கு இழுக்கும் வசதியையும் போட்டுவைத்தால், குதிரை நடை ரயில் நடை ஆகிவிடும். நான் ஒரு வாரம் என் கையைத்தான் குறை சொன்னேன். சுற்றைப் பன்னிரண்டாக மாற்றி, இழுப்பதை அணைத்துவிட்டு வாசித்தால் வருகிறது. பிசகிய ஒன்றிரண்டு அடியை அப்புறம் கையால் நகர்த்திக்கொள்ளலாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் பெட்டியில் 4,100, இரண்டாவதில் 6,000, ரிப்பேருக்கு 600. பத்தாயிரத்து எழுநூறு ரூபாயும் ஒன்றரை வருஷமும். கிட்டத்தட்ட இன்னொரு எம்பிடி218. ஆனால் உண்மையான அடி அதற்கப்புறம் விழுந்தது. 2022 பங்குனியில் கச்சேரிகள் திரும்ப ஆரம்பித்தன. முதல் கச்சேரி அன்று சாயங்காலம் பரணில் ஏறி, இரண்டு வருஷத் தூசியோடு என் ரிதம் பேடான எஸ்பிடி-20-இன் பையை இறக்கினேன். துடைக்கத் திருப்பியபோது பின்பக்கம் ஒரு வட்டத் துளையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பூச்சி போய்விடக் கூடாதென்று வாங்கிய புதிதில் நானே ஒட்டியது. பிய்த்துப் பார்த்தேன். ஐந்து முள். மேலே 'மிடி அவுட்' என்று எழுதியிருந்தது.

அண்ணனுக்கு அப்போதே போன் அடித்தேன். தன்னிடம் இருந்த மிடி-யுஎஸ்பி வயரைக் கொண்டுவந்தார். (பின்னால் நான் 450-க்கு ஒன்று வாங்கி, அது வேகமான உருட்டலில் நோட்டுகளை முழுங்க, 2,900-க்கு உருப்படியாக இன்னொன்று வாங்கினேன், அது மேற்கண்ட கணக்கில் சேரவில்லை.) முதலில் ஒன்றும் வரவில்லை. வயரில் 'அவுட்' என்று எழுதிய முனையைப் பேடின் 'அவுட்'டில் சொருகியிருந்தேன். அது தப்பு, பேடின் 'அவுட்'டுக்கு வயரின் 'இன்' போக வேண்டும். மாற்றிச் சொருகி, குச்சியை எடுத்து முதல் கட்டத்தில் ஒரு தட்டு. லேப்டாப்பில் 14. கொஞ்சம் ஓங்கி, 63. மேடை அடி ஒன்று, 120. விரல் பேடு வீணில்லை, ராத்திரியில் படுக்கையில் உட்கார்ந்து வாசிக்கவும் பதினாறு ஒலியைக் கைக்கெட்ட வைத்துக்கொள்ளவும் இன்றைக்கும் அதுதான். ஆனால் நான் தேடி அலைந்த அந்த எண்கள், என் கைக்குப் பன்னிரண்டு வருஷம் பழகிய ரப்பரில், என் தலைக்கு மேலேயே இருந்திருக்கின்றன. உங்கள் வீட்டிலும் பழைய கீபோர்டோ ரிதம் பேடோ இருந்தால் கடைக்குப் போகும் முன் அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், யுஎஸ்பியோ மிடி அவுட்டோ இருக்கலாம்.

எட்டுக் கட்டத்தையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அண்ணனும் நானும் நேரத்தை விட்டுவிட்டோம். இரண்டு வருஷம் கழித்து வந்த முதல் கச்சேரிக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய், மைக் செட்காரர் உட்பட எல்லோரிடமும் திட்டு வாங்கினோம்.